விமானத்தில் இடமில்லாதவர்கள்

(வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் மிஷன் மருத்துவமனைகளைப் பற்றிக் கேட்ட ஒருவருக்கு, இடம் போதாமையால், இரண்டே வரியில் பதில் எழுதியிருந்தேன். "போர் நடக்கும் நாட்டில் மருத்துவ ஊழியத்தைத் தாங்கி நிற்பவர்கள் அங்கே போகிறவர்கள் அல்லர், அங்கேயே பிறந்தவர்கள்" என்பது அந்தப் பதில். அதற்கு வந்த கடிதங்களில் சில கோபமானவை, சில கண்ணீரோடு எழுதப்பட்டவை. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் மருத்துவம் படித்து, மகப்பேறு மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்திருக்கிறாள். கிழக்குக் காங்கோவில் ஒரு திருச்சபை மருத்துவமனையில் இரண்டு ஆண்டுகள் ஊழியம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது. "தெரிந்தே கிணற்றில் விழுவார்களா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நான் தடுக்கவா, அனுப்பவா?

பதில்: சகோதரி, அனுப்புங்கள் என்றோ தடுத்துவிடுங்கள் என்றோ இங்கே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதினால் அது பொறுப்பற்ற செயலாகும். ஆனால் உங்கள் உறவினர்கள் காங்கோ முழுவதும் எரிந்துகொண்டிருப்பதாக நினைத்தால், அதை மட்டும் திருத்த முடியும். ஏறத்தாழ 23 லட்சத்து 45 ஆயிரம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாடு அது. தலைநகர் கின்ஷாசா மேற்குக் கோடியில் இருக்கிறது. சண்டை பெரும்பாலும் கிழக்கெல்லையில், உகாண்டா, ருவாண்டா, புருண்டி நாடுகளை ஒட்டிய இடூரி, வட கிவு, தென் கிவு மாகாணங்களில் நடக்கிறது. உங்கள் மகளுக்கு அழைப்பு வந்திருப்பதும் அந்தக் கிழக்கிலிருந்துதான் என்பதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

1994-இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்து முடிந்தபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகள் எல்லை தாண்டி கிவு பகுதிக்குள் வந்தார்கள். கொன்றவர்களில் பலரும் அந்தக் கூட்டத்தோடு வந்து முகாம்களில் தங்கினார்கள். அந்த முகாம்களைக் காரணம் காட்டித் தொடங்கிய போர் 1996–97-இல் அப்போதைய அதிபர் மொபுட்டுவின் ஆட்சியைக் கவிழ்த்தது. அதைத் தொடர்ந்து 1998 முதல் 2003 வரை நடந்த இரண்டாம் போரில் அண்டை நாடுகள் பல தம் படைகளை இறக்கின. ஒப்பந்தங்கள் கையெழுத்தான பிறகும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதக் குழுக்கள் அங்கே எஞ்சின. 2025 ஜனவரியில் கோமா நகரும், அடுத்த மாதமே புகாவு நகரும் எம்23 கிளர்ச்சியாளர்களின் கைக்குப் போயின. அங்கே ஆபத்து ஊருக்கு ஊர் வேறுபடும், வாரத்துக்கு வாரமும் மாறும். ஓர் ஊரில் சந்தை கூடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஊரில் வீடுகள் காலியாகிக்கொண்டிருக்கும்.

எனவே "காங்கோ ஆபத்தானதா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, அழைத்தவர்களிடம் வேறு கேள்விகளைக் கேளுங்கள். வெளியேற வேண்டிய நாள் வந்தால் அந்த முடிவை எடுப்பவர் யார், அவர் அந்த ஊரிலேயே இருப்பவரா, அல்லது தொலைவில் ஓர் அலுவலகத்தில் இருப்பவரா என்று கேளுங்கள். மருத்துவமனையின் பொறுப்பாளர் காங்கோ நாட்டவரா என்றும், உங்கள் மகள் அவருக்குக் கீழே வேலை செய்வாரா என்றும் கேளுங்கள். மொழி கற்கக் கால அவகாசம் தருவார்களா என்பதையும் மறக்காதீர்கள். அலுவல் மொழி பிரெஞ்சு. கிழக்கில் நோயாளி வலியைச் சொல்வது சுவாஹிலியில், கிராமங்களில் அதுவும் இல்லாமல் தம் இனமொழியில். "மொழியெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வந்து அறுவை அரங்கில் நில்லுங்கள்" என்று ஒரு நிறுவனம் சொல்லுமானால், போரே இல்லாத ஊராக இருந்தாலும் நான் என் மகளை அங்கே அனுப்ப மாட்டேன்.

இன்னொன்று. அவருக்கு அங்கே கிடைக்கப்போகும் மிகப் பெரிய பாதுகாப்பு மதிற்சுவரோ காவலரோ அல்ல. "டாக்டரம்மா, இன்று சந்தைப் பக்கம் போகாதீர்கள்" என்று காலையில் வந்து சொல்லும் ஓர் ஆயா அல்லது ஒரு காவற்காரர்தான் அந்தப் பாதுகாப்பு. அப்படி வந்து சொல்லும் அளவுக்கு ஊரோடு ஒட்டிப் பழக மகளுக்கு மனம் இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

கேள்வி: நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் இடத்தை ஏன் தாக்குகிறார்கள்? எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.

பதில்: வெறி என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது உண்மையில் பாதிதான். தாக்குகிறவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது.

தென் கிவுவின் மலைப்பகுதியில் லெமேரா என்ற ஊரில், ஸ்வீடன் பெந்தெகொஸ்தே மிஷனெரிகள் தொடங்கிய மருத்துவமனை ஒன்று உண்டு. 1996 அக்டோபர் 6-ஆம் நாள் கிளர்ச்சிப் படையினர் அதற்குள் புகுந்து, படுக்கையில் இருந்த நோயாளிகளையும் ஊழியர்களையுமாக முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அதன் தலைமை மருத்துவர் டெனி முக்வேகே அன்று அங்கே இல்லாததால் உயிர் தப்பினார். போரின் தொடக்க நாட்களிலேயே ஒரு மருத்துவமனை குறிவைக்கப்பட்டதன் காரணம் எளியது: எதிர்த்தரப்பில் காயம்பட்டவர்கள் சிகிச்சை பெற்றது அங்கேதான். மேலும், சுற்று வட்டாரத்திலேயே மருந்து, எரிபொருள், ஜெனரேட்டர், வாகனம், ரேடியோ எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பதும் மருத்துவமனையில்தான். ஆயுதக் குழு ஒன்றுக்கு அது ஒரு கிடங்கு.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகக் கொடியதாகப் படுகிறது. இடூரியில் ஹேமா, லெண்டு இனங்களிடையே நிலத்தைத் தொட்டுத் தொடங்கிய பகை வளர்ந்து, 2002 செப்டம்பர் 5-ஆம் நாள் நியாங்குண்டே ஊரை வந்து அடைந்தது. பல மிஷன்கள் கூடி 1960-களின் நடுவில் அமைத்த 250 படுக்கைகள் கொண்ட நற்செய்தி மருத்துவ மையம் அந்த ஊரில்தான் இருந்தது. கிழக்குப் பகுதி முழுவதிலிருந்தும் சிக்கலான நோயாளிகளை அங்கே அனுப்பிவைப்பார்கள். அன்று படுக்கை படுக்கையாகச் சென்று யார் எந்த இனம் என்று பார்த்துக் கொன்றார்கள். அன்றும் அதைத் தொடர்ந்த நாட்களிலும் அந்த ஊரில் குறைந்தது 1,200 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் (ஹியூமன் ரைட்ஸ் வாட்ச்) கணக்கிட்டது. தப்பிய ஊழியர்களும் நடக்க முடிந்த நோயாளிகளும் காட்டுப் பாதையில் நாட்கணக்கில் நடந்து, தெற்கே ஒயிச்சா என்ற ஊரிலுள்ள இன்னொரு மிஷன் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மருத்துவமனை எல்லா இனத்தாருக்கும் பொதுவாக இருந்ததே அன்று அதற்கு எதிராகத் திரும்பியது. பகைவன் இங்கே படுத்திருக்கிறான் என்று தெரிந்தால், அந்தப் பொதுவான கூரையைத்தான் முதலில் பிரிப்பார்கள்.

2022 அக்டோபரில், வட கிவுவில் மாபோயா என்ற இடத்துத் திருச்சபைச் சுகாதார நிலையத்தைத் தாக்கிய ஏடிஎஃப் ஆயுதக் குழுவினர், அங்கே இருந்த மருத்துவரான கன்னியாஸ்திரி ஒருவரைக் கொன்று, மருந்துகளையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் காங்கோ நாட்டுப் பெண்மணி. அந்தச் செய்தி நம்மில் எத்தனை பேரை எட்டியது என்று நான் கேட்கவில்லை; என்னை எட்டவே பல நாட்கள் ஆயின.

கேள்வி: நேற்று ஒரு கிராமத்தை எரித்தவன் இன்று குண்டுக் காயத்தோடு வந்தால், கிறிஸ்தவ மருத்துவர் அவனுக்குச் சிகிச்சை செய்ய வேண்டுமா?

பதில்: செய்ய வேண்டும். இதில் மருத்துவ அறமும் சட்டமும் வேதமும் ஒரே பக்கம் நிற்கின்றன. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளும், உள்நாட்டுப் போர்களுக்கென 1977-இல் சேர்க்கப்பட்ட இரண்டாம் நெறிமுறையும், காயம்பட்டவர் எந்தத் தரப்பினர் என்று பாராமல் சிகிச்சை தரப்பட வேண்டும் என்றும், அப்படிச் சிகிச்சை தந்த காரணத்துக்காக எவரையும் தண்டிக்கக் கூடாது என்றும் சொல்கின்றன. கள்ளர் கையில் அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமையைப் பிரசங்கங்களில் கேட்டு நமக்குப் பழகிவிட்டது. வழியில் கிடந்தவனே கள்ளனாக இருந்தால் என்ன செய்வது என்று அந்த உவமை கேட்பதில்லை, ஆனால் கிவுவின் அறுவை மருத்துவர்கள் அந்தக் கேள்விக்கு மாதந்தோறும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் அவர்கள் பிடிவாதமாகக் காப்பது ஒரு விதியை. வாசலில் துப்பாக்கிப் படத்தின்மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை இருக்கும். யாராக இருந்தாலும், அரசுப் படையின் அதிகாரியே ஆனாலும், ஆயுதத்தை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வரலாம். ஒருமுறை இந்த விதியைத் தளர்த்தினால், அடுத்த முறை வருபவன் துப்பாக்கியோடு வார்டுக்குள் நின்று ஆளைத் தேடுவான்.

ஆனால் உங்கள் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. சிகிச்சை செய்வதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? லெமேரா அழிந்த பிறகு டாக்டர் முக்வேகே புகாவுவில் 1999-இல் பான்ஸி மருத்துவமனையைத் தொடங்கினார். நடத்தும் பொறுப்பு பெந்தெகொஸ்தே திருச்சபைகளின் கூட்டமைப்புக்கு. பிரசவத்தில் தாய்மார் சாவதைக் குறைப்பது அவருடைய எண்ணம். ஆனால் முதலில் வந்த நோயாளியே பிரசவத்துக்காக வரவில்லை. ஆயுதம் தாங்கியவர்களால் வன்புணர்வு செய்யப்பட்டுச் சுடப்பட்ட பெண் அவர். அதன் பிறகு அப்படி வந்தவர்கள் பல்லாயிரம் பேர். சிதைந்த உறுப்புகளைத் தைத்துத் தைத்து அனுப்புவதும், அதே கிராமத்திலிருந்து அடுத்த ஆண்டு அவர்களுடைய மகள்கள் வருவதுமாக இருந்தபோது, அறுவை அரங்குக்குள் இதற்குத் தீர்வு இல்லை என்று அவர் உலக மன்றங்களில் பேசத் தொடங்கினார். 2012 செப்டம்பரில் ஐ.நா. சபையில் பேசினார். அடுத்த மாதம் 25-ஆம் தேதி ஆயுததாரிகள் அவர் வீட்டுக்குள் காத்திருந்தார்கள். அவரைக் காக்க முயன்ற காவலர் இறந்தார், அவர் தப்பினார். 2018-இல் ஈராக்கின் யாசிதிப் பெண் நாதியா முராதுடன் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பேசினால் மருத்துவமனை பகைக்கு ஆளாகும். பேசாவிட்டால் வருகிற காயங்களுக்கு முடிவிருக்காது. மிஷன் மருத்துவர்களில் பெரும்பாலானோர் மௌனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏனெனில் அவர்கள் பேசிய மறுநாள் கதவு தட்டப்படுவது அவர்களுடைய வீட்டில் அல்ல, உள்ளூர்ச் செவிலியரின் வீட்டில். முக்வேகேயைப் பாராட்டுகிறவன் நான். ஆயினும் மௌனமாக இருப்பவர்களைக் கோழைகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேள்வி: மருந்துப் பெட்டியோடு வேதப்புத்தகத்தையும் கொண்டுபோய் மதம் மாற்றுவதுதானே இதெல்லாம்? பெல்ஜியம் காங்கோவைக் கொள்ளையடித்தபோது உங்கள் மிஷனெரிகள் எங்கே இருந்தார்கள்?

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டாவது பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1885 முதல் 1908 வரை காங்கோ பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச் சொத்தாக இருந்தது. ரப்பர் போதிய அளவு கொண்டுவராதவர்களின் கைகள் வெட்டப்பட்டன. மிஷனெரிகளில் பலர் அதைக் கண்டும் காணாதவர்களாக இருந்தார்கள். சிலர் அப்படி இருக்கவில்லை. 1904-இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற பாப்டிஸ்ட் மிஷனெரிப் பெண், தன் சின்னஞ்சிறு மகளின் வெட்டப்பட்ட கையையும் காலையும் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் தகப்பன் ஒருவனைப் புகைப்படம் எடுத்தார். அந்தப் படமும் அவரைப் போன்றவர்கள் எடுத்த மற்றப் படங்களும் ஐரோப்பாவைக் கலக்கி, அந்த ஆட்சிக்கு எதிரான இயக்கத்துக்கு வலுச் சேர்த்தன. இரண்டும் வரலாறு.

என் பார்வையில் மருத்துவ மிஷன்களின் பெரிய பிழை வேறு. 1960 ஜூன் 30 அன்று காங்கோ விடுதலை அடைந்தபோது, முழுத் தகுதி பெற்ற காங்கோலிய மருத்துவர் ஒருவர்கூட அந்த நாட்டில் இல்லை. செவிலியர்களையும் மருத்துவ உதவியாளர்களையும் பயிற்றுவித்தார்கள், அதோடு நிறுத்திக்கொண்டார்கள். கொள்கை வகுத்தது காலனி அரசு என்பது உண்மை. ஆனால் எத்தனை மிஷன்கள் அதை எதிர்த்து வாதிட்டன? அந்தக் கடனைத்தான் பின்னால் வந்த தலைமுறை அடைத்துக்கொண்டிருக்கிறது.

மதமாற்றம் பற்றி: காங்கோ மக்களில் மிகப் பெரும்பாலோர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். சிகிச்சையைத் தூண்டிலாக்கி அங்கே புதிதாகப் பிடிக்க ஆள் அதிகம் இல்லை. காலையில் வராந்தாவில் பாடலும் ஜெபமும் நடக்கும், விரும்பியவர்கள் நிற்பார்கள். அங்கே அழுத்தமான உண்மை வேறொன்று. அரசு சம்பளம் கொடுக்க முடியாமல் போன நாட்டில், சுகாதார நிலையங்களில் ஏறத்தாழ பாதியைத் திருச்சபைகள்தான் நடத்துகின்றன. கத்தோலிக்க மறைமாவட்டங்களுக்கு மருத்துவப் பணி அலுவலகங்கள் உண்டு. புராட்டஸ்டண்ட் சபைகளுக்குக் காங்கோ கிறிஸ்து சபை என்ற கூட்டமைப்பு உண்டு. காங்கோ மண்ணிலேயே தோன்றிய கிம்பாங்கு சபையும் மருத்துவமனை நடத்துகிறது. நாடு 500-க்கும் மேற்பட்ட சுகாதார வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் பலவற்றுக்கு அரசு அங்கீகரித்த தலைமை மருத்துவமனையே திருச்சபையுடையதுதான்.

குறை வேண்டுமானால் ஒன்று சொல்கிறேன், நீங்கள் கேட்காதது. மானியம் இல்லாத மருத்துவமனை நோயாளி தரும் கட்டணத்தில்தான் ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும். அதனால், கட்டணம் செலுத்த முடியாத தாயையும் குழந்தையையும் பணம் வரும்வரை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்திவைக்கும் வழக்கம் காங்கோவில் பரவலாக உண்டு. சிலுவை பொறித்த வாசலுக்குள் அது நடந்தால், அதைவிட வெட்கக்கேடு வேறு இல்லை.

கேள்வி: ஹெலன் ரோஸ்வியரைப் பற்றி ஓய்வுநாள் பள்ளியில் ஒரு கதை கேட்டேன். அவர் உண்மையில் யார்? இளைஞனாகிய எனக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: தம்பி, ஓய்வுநாள் பள்ளிக் கதைகளில் அவர் புனிதவதியாக வருவார். அவரே எழுதியவற்றில் சட்டென்று கோபப்படும், தன்மேல் சதா குறைகாணும் பெண்ணாக வருகிறார். எனக்கு இரண்டாமவரையே பிடித்திருக்கிறது.

இங்கிலாந்துக்காரர், 1925-இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்து 1953-இல் காங்கோவின் வடகிழக்குக்குப் போனார். இபாம்பியில் இரண்டு ஆண்டுகள், பிறகு நெபொபொங்கோ. அங்கே நூறு படுக்கை மருத்துவமனையைக் கட்டினார் என்று எழுதுவார்கள். உண்மையிலேயே கட்டினார். செங்கல் அறுக்கவும் சூளை வைக்கவும் கற்றுக்கொண்டு, கூலியாட்களோடு நின்று சூளையிலிருந்து கல்லை இறக்கினார். சூடான கல்லின் சொரசொரப்பில் விரல் நுனித் தோல் தேய்ந்து இரத்தம் கசியும். அந்த நேரம் பார்த்து அவசர அறுவைக்கு அழைப்பு வரும். ஓடிப்போய், கிழிந்த அந்தக் கைகளைப் பிரஷ் போட்டுத் தேய்த்து ஆல்கஹாலில் நனைப்பார். நான் வந்தது மருத்துவம் செய்யவா, செங்கல் அறுக்கவா என்று ஆண்டவரிடம் சண்டை போட்டார். அவரோடு சூளையில் நின்றவர்கள் சொன்ன மறுமொழியை அவர் பின்னாளில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதன் சாரம் இது: டாக்டராக நிற்கும்போது உங்களைக் கண்டு பயப்படுகிறோம், சூளையில் எங்களைப் போலவே கை கிழிந்து நிற்கும்போதுதான் நீங்கள் சொல்லும் கடவுளின் அன்பு எங்களுக்குப் புரிகிறது.

1964-இல் காங்கோ அரசுக்கு எதிராகச் சிம்பா கிளர்ச்சி வெடித்தது. ஆகஸ்டு முதல் ஐந்து மாதங்கள் அவர் கிளர்ச்சியாளரின் பிடியில் இருந்தார். அடிக்கப்பட்டார், பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார். அந்தக் காலத்துக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் அதை வெளிப்படையாகச் சொன்னதே பெரிய காரியம். அதே கொடுமைக்கு ஆளாகி வாய் திறக்க முடியாமல் இருந்த பல பெண்களுக்கு அது துணையாயிற்று. 1966-இல் மீண்டும் காங்கோவுக்கே போய், நான் மேலே குறிப்பிட்ட நியாங்குண்டேயில் செவிலியர்களுக்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் பயிற்சி தரும் பொறுப்பை ஏற்றார். 1973-இல் அவர் விடைபெற்றபோது மாலையும் மரியாதையும் இல்லை. மாணவர்களின் கிளர்ச்சிக்கு நடுவே, மனக்கசப்போடு புறப்பட்டார். 2016-இல் தம் 91-ஆம் வயதில் காலமானார்.

அதே 1964-இல் கொல்லப்பட்ட பால் கார்ல்சனையும் அறிந்துகொள். அமெரிக்க மருத்துவர், வடமேற்கில் வசோலோ என்ற ஊரில் பணி. கிளர்ச்சி நெருங்கியபோது மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் உபாங்கி ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட்டு, நோயாளிகளைப் பார்க்கத் திரும்பி வந்தார், பிடிபட்டார். அமெரிக்க உளவாளி என்று பழி சுமத்தினார்கள். நவம்பர் 24 அன்று, இன்று கிசங்கானி எனப்படும் ஸ்டான்லிவில் நகரில் பெல்ஜியம் பாராசூட் படை இறங்கியபோது, ஒரு சுவர் ஏறித் தப்ப முயன்ற நொடியில் சுடப்பட்டார். வயது 36. அவர் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. அந்த மாதங்களில் அதே நகரிலும் சுற்றிலும் கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான காங்கோ மக்களின் பெயர்கள் எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் வை.

கேள்வி: நான் செவிலியர். அங்கே வார்டுகளில் அன்றாடம் எப்படிப்பட்ட நோயாளிகள் வருகிறார்கள்? குண்டுக் காயங்கள்தான் மிகுதியா?

பதில்: இல்லை, அம்மா. காங்கோப் போரைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் தவறாக நினைத்துக்கொண்டிருப்பது இதைத்தான். 1998-க்கும் 2007-க்கும் இடையில் போரின் விளைவாக 54 லட்சம் பேர் இறந்ததாக ஒரு மதிப்பீடு உண்டு. அந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே சர்ச்சையும் உண்டு. ஆனால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குண்டடி பட்டுச் சாகவில்லை என்பதில் சர்ச்சை இல்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, ஊட்டமின்மை என்று வேறெங்கும் மாத்திரையிலும் உப்புச் சர்க்கரைக் கரைசலிலும் தீரும் நோய்களால் இறந்தார்கள். விதைக்கும் பருவத்தில் ஊரைவிட்டு ஓடியவர்களின் பிள்ளைகள் ஆறு மாதம் கழித்து வார்டுக்கு வருவார்கள், உப்பிய காலும் செம்பட்டை பாய்ந்த தலைமுடியுமாக.

பிரசவ வார்டு எப்போதும் நிறைந்திருக்கும். குழந்தை திரும்பாமல் இரண்டு மூன்று நாள் வலியில் கிடந்து, சாலையில் தடுப்புகள் இருக்கும் என்று பயந்து, விடிந்த பிறகே கிளப்பி, மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுவருவார்கள். தாய் பிழைத்தாலும், நீண்ட அழுத்தத்தில் சிறுநீர்ப்பைக்கும் பிறப்புவழிக்கும் நடுவே துளை விழுந்து, சிறுநீர் ஓயாமல் கசியும். நாற்றத்துக்குப் பயந்து கணவன் ஒதுக்கிவிடுவான். வன்கொடுமையாலும் இதே துளை ஏற்படுவதுண்டு. அதை மூடும் அறுவைக்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. நல்ல விளக்கும் பொறுமையான கையும், பிறகு இரண்டு வாரம் குழாய் அடைக்காமல் பார்த்துக்கொள்ளும் செவிலியரும் வேண்டும். குழாயைக் கவனிப்பவர் இரவில் தூங்கிவிட்டால் மருத்துவரின் தையல் முழுவதும் வீண். இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சமையல் நோயாளியின் குடும்பத்தார் பாடு. வார்டுக்குப் பின்னால் கரியடுப்புகளின் புகை காலை முதல் அடங்காது. இரத்தம் வேண்டுமென்றால் அந்த அடுப்படிக்குப் போய்த்தான் உறவினரைத் தேட வேண்டும்.

2018 ஆகஸ்டு முதல் 2020 ஜூன் வரை வட கிவுவிலும் இடூரியிலும் எபோலா பரவியது. 3,470 பேருக்கு நோய், 2,287 பேர் இறப்பு. உலகமே பணத்தோடும் வாகனங்களோடும் ஆயுதக் காவலோடும் வந்து இறங்கியது. சிகிச்சை மையங்கள் கொளுத்தப்பட்டன. 2019 ஏப்ரலில் புட்டெம்போவில் உலக சுகாதார நிறுவனத்தின் கேமரூன் நாட்டு மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்டார். மக்களின் அறியாமை என்று எழுதினார்கள். ஆனால் அதே காலத்தில் காங்கோவில் தட்டம்மை 6,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது, அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். "எங்களை வெட்டிக் கொன்றபோது வராதவர்கள் இப்போது ஏன் வருகிறார்கள்?" என்று மக்கள் கேட்டதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கேள்வி எழாத இடங்கள், எபோலாவுக்கு முன்பும் பின்பும் கதவு திறந்திருந்த சின்னச் சின்ன மருத்துவமனைகள்தாம்.

கேள்வி: ஆளை அனுப்புவதைவிடப் பணமோ கருவிகளோ அனுப்புவது மேலல்லவா?

பதில்: பணம், ஆம். அதுவும் உள்ளூர்ச் செவிலியர் சம்பளத்துக்கும் ஏழை நோயாளிகளின் கட்டணத்துக்கும் என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். பழைய கருவிகளை அனுப்பாதீர்கள். உதிரிபாகம் கிடைக்காத, மின்சாரம் ஏறி இறங்கும் இடத்தில் அவை ஓர் ஆண்டில் வராந்தாவின் மூலைக்குப் போய்விடும்.

கேள்வி: சண்டை நெருங்கியவுடன் வெளிநாட்டு மிஷனெரிகள் விமானம் ஏறிவிடுகிறார்கள். இது ஓடிப்போவது ஆகாதா? நல்ல மேய்ப்பன் இப்படிச் செய்வானா?

பதில்: 1960-இலும் 1964-இலும், பிறகு ஒவ்வொரு போரிலும் அப்படித்தான் நடந்தது, புல்தரையில் இறங்கும் சிறு விமானங்கள் வெளிநாட்டினரை ஏற்றிக்கொண்டு போயின. போனவர்களைக் குறைசொல்ல மாட்டேன். சில நேரம் வெளிநாட்டவர் இருப்பதே மற்றவர்களுக்கு ஆபத்தாகிவிடும். பணயமாகப் பிடிக்க வருகிறவர்கள் பக்கத்து வீட்டையும் விட்டுவைப்பதில்லை. மேய்ப்பன் உவமையை இங்கே பொருத்தினால் வெளிநாட்டவர் மேய்ப்பன், உள்ளூரார் ஆடுகள் என்று ஆகிவிடுகிறது. அந்தக் கணக்குத்தான் எனக்கு உறுத்துகிறது. விமானம் போன பிறகு அன்றிரவு வார்டுக்கு விளக்கேற்றியவர்கள் ஆடுகளா?

போனவர் எதை விட்டுச் சென்றார் என்பதை வைத்தே நான் அளப்பேன். அவர் இல்லாமல் ஒரு சிசேரியன் செய்ய ஆள் இருக்கிறாரா? மருந்தறைச் சாவி யாரிடம்? வங்கிக் கணக்கில் கையெழுத்திடும் உரிமை யாருக்கு? இவற்றுக்கு உள்ளூர்ப் பெயர்கள் பதிலாக வரும் இடங்களில் மருத்துவமனை பிழைத்துக்கொண்டது. நியாங்குண்டே கொள்ளைபோய்க் கிடந்த பிறகும் ஒயிச்சாவில் அதன் ஊழியர்கள் வேலையைத் தொடர்ந்தார்கள். பின்னர் திரும்பிப்போய் நியாங்குண்டேயையும் எழுப்பினார்கள்.

வெளியேறுவது வெளிநாட்டவர் மட்டும் செய்வதும் அல்ல. தம் வீட்டில் தாக்குதல் நடந்த பிறகு டாக்டர் முக்வேகேயும் குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குப் போனார். அவரைத் திரும்ப அழைத்தவர்கள், அவரிடம் சிகிச்சை பெற்றவர்களும் அவர்களைப் போன்ற ஏழைப் பெண்களும்தான். ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூடக் கையில் புழங்காதவர்கள், அன்னாசிப் பழமும் வெங்காயமும் விற்று அவருடைய விமானச் சீட்டுக்குப் பணம் சேர்த்தார்கள். 2013 ஜனவரி 14-ஆம் நாள் அவர் கவுமு விமான நிலையத்தில் இறங்கியபோது, அங்கிருந்து புகாவு வரை சாலையின் இருபுறமும் மக்கள் நின்றார்கள். அவருடைய பாதுகாப்புக்கு இனி முறைவைத்து நாங்களே இரவும் பகலும் காவல் இருப்போம் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அவர் பான்ஸிக்குப் போய் மீண்டும் அறுவை அரங்கில் நின்றார்.